ஏட்டிலே கோபுரம், பெட்டியிலே காற்று!

சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. நாலடி உயரம் வந்தாகிவிட்டது. பையன் கரணையைக் கீழே வைத்து, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொல்கிறான்:

"நேராத்தான் இருக்கு மேஸ்திரி!"

மேஸ்திரி சிரிக்கிறார். "உன் கண்ணு சொல்லுதா, குண்டு சொல்லுதாடா தம்பி?"

தூக்குக்குண்டு வெளியே வருகிறது. கட்டை சுவரில் பதிகிறது, நூல் இறங்குகிறது, குண்டு ஆடி ஆடி அடங்கி நிற்கிறது. சுவர் ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது! பையன் தலையைச் சொறிகிறான். மேல் இரண்டு வரிசைச் செங்கல் பிரிக்கப்படுகிறது.

தூக்குக்குண்டுக்குத் தாட்சண்யம் கிடையாது. கட்டுகிறவன் யார், காசு போட்டவன் யார், திறந்துவைக்கப் போகிற சீமான் யார் என்று அது கேட்பதில்லை. நேர் என்றால் நேர். கோணல் என்றால் கோணல்!

சரி. அந்தச் சுவரை அளக்க ஒரு குண்டு இருக்கிறது. அந்தச் சுவரைக் கட்டுகிற கம்பெனியை அளக்க எந்தக் குண்டு இருக்கிறது? அது நிமிர்ந்து நிற்கிறதா, நாளைக் காலையில் நம் தலையில் விழப் போகிறதா என்று யார் பார்ப்பது? எதைக்கொண்டு பார்ப்பது?

"அது ஆடிட்டர் வேலையப்பா, நமக்கேன்?" என்பர் சிலர். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கம்பி கட்டுகிறவனுக்கும் சனிக்கிழமைக் கூலி வந்தால் போதாதா என்பர். போதாது தோழர்களே! ஏன் போதாது என்பதற்கு ஒரு கதை உண்டு. புராணக் கதையல்ல, நம் கண்முன் நடந்த கதை. சீமையிலே நடந்தது. 2018ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் முடிந்தது.

காரில்லியன் என்று ஒரு கம்பெனி. 1999இல் டார்மாக் என்ற பழைய கம்பெனியிலிருந்து பிரிந்து வந்தது. தலைமையகம் உல்வர்ஹாம்ப்டன். பிரிட்டனின் கட்டுமானக் கம்பெனிகளில் இரண்டாவது பெரியது. மருத்துவமனை கட்டும், சாலை போடும், சிறைச்சாலையைப் பராமரிக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறும் ஆக்கிப் போடும்! அரசாங்கத்தோடு மட்டும் ஏறத்தாழ 450 ஒப்பந்தங்கள். உலகெங்கும் 43,000 பேர் அதில் வேலை பார்த்தனர். பிரிட்டனில் மட்டும் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

2017 மார்ச்சில் அந்தக் கம்பெனி தன் முந்திய ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. வரவு 520 கோடி பவுன். இலாபம் 14 கோடியே 70 லட்சம் பவுன். பங்குதாரர்களுக்கு 7 கோடியே 90 லட்சம் பவுன். அதுவரை கொடுத்ததிலெல்லாம் அதிகம்! பிறந்த நாள் முதல் ஆண்டுதோறும் பங்குத் தொகையை ஏற்றிக்கொண்டே வந்த கம்பெனி அது. டைரக்டர்களுக்கும் அந்தக் கணக்கின் பேரில் வெகுமதி கிடைத்தது. ஆடிட்டர் பார்த்தார், சரி என்றார், கையெழுத்திட்டார்.

நான்கே மாதம்! ஜூலை 10ஆம் நாள் அதே கம்பெனி அறிவிக்கிறது: எங்கள் ஒப்பந்தங்களில் 84 கோடியே 50 லட்சம் பவுன் தேறாது! அன்று ஒரே நாளில் பங்கு விலை நூற்றுக்கு 39 விழுந்தது. செப்டம்பரில் மேலும் 20 கோடி தேறாது என்றார்கள். ஜனவரியில் கதவு சாத்தப்பட்டது. சாத்தியபோது கம்பெனியின் கையிலிருந்த ரொக்கம் 2 கோடியே 90 லட்சம் பவுன். கட்ட வேண்டிய பாத்தியதையோ ஏறத்தாழ 700 கோடி பவுன்!

ஏட்டிலே கோபுரம்! பெட்டியிலே காற்று!

நாம் கேட்கிறோம்: மார்ச்சில் மலை போல் நின்ற இலாபம் ஜூலையில் எங்கே போயிற்று? திருடன் வந்தானா? தீப்பிடித்ததா? இரண்டுமில்லை. அது இருந்ததே இல்லை! அளந்த கோல் கோணல்.

எப்படிக் கோணல் என்று பார்ப்போம். கணக்கென்றதும் கலங்க வேண்டாம். அடி கணக்கும் கன அடி கணக்கும் மனத்திலேயே போடுகிறவர்கள் நீங்கள். இது அதைவிட எளிது.

மளிகைக்கடைக்காரன் காலையில் வாங்கி மாலையில் விற்கிறான். இலாபம் அன்றே தெரிந்துவிடும். கட்டட வேலை அப்படியல்ல. மூன்றாண்டு, ஐந்தாண்டு நடக்கும். முடிகிறவரை இலாபமா நட்டமா என்று சொல்லாமலிருக்க முடியாது. ஆண்டுதோறும் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆகவே ஒரு வழி வகுத்தார்கள். 100 ரூபாய்க்கு ஒரு வேலை எடுத்தோம். 90 ரூபாய் செலவாகும், 10 மிஞ்சும் என்று மதிப்பு. இதுவரை 45 செலவழித்தாயிற்று. 90இல் 45 பாதி. ஆகவே வேலையில் பாதி முடிந்தது. ஆகவே இலாபத்தில் பாதி, 5 ரூபாய், வந்ததென்று ஏட்டில் எழுதலாம். வழி நியாயமான வழிதான்.

ஆனால் நடுவே வானம் தோண்டும்போது பாறை வந்தது, அல்லது உத்தரத்தில் விரிசல் விழுந்தது என்று வையுங்கள். மொத்தச் செலவு 90 அல்ல, 110 ஆகும் என்று வேலையிடத்திலிருப்பவனுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது 10 ரூபாய் நட்டம் உறுதி. தெரிந்த நட்டம் முழுவதையும் தெரிந்த அன்றே எழுதிவிட வேண்டும் என்பது கணக்கு விதி. 90 என்று சொன்னால் 5 ரூபாய் இலாபம்! 110 என்று சொன்னால் 10 ரூபாய் நட்டம்! வேலையிடத்திலே ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை. மாறியது ஒரு மனிதன் சொன்ன மதிப்பு. அந்த ஒரு சொல்லுக்கு விலை 15 ரூபாய்!

இது நாம் கற்பித்த உதாரணம். காரில்லியனில் நடந்ததைக் கேளுங்கள். லிவர்ப்பூல் நகரத்திலே 33 கோடியே 50 லட்சம் பவுனுக்கு ஒரு பெரிய மருத்துவமனை. 646 படுக்கைகள். 2016 நவம்பரில் கம்பெனியின் ஆட்களே அந்த வேலையைச் சோதித்து, நூற்றுக்கு 12.7 நட்டம் வரும் என்றார்கள். மேலிடம் ஒப்பவில்லை. நூற்றுக்கு 4.9 இலாபம் என்றே எழுது என்றது! எழுதினார்கள். வித்தியாசம் ஏறத்தாழ 5 கோடியே 30 லட்சம் பவுன். கீழே நிற்பவன் குண்டைப் போட்டுக் காட்டினான். மேலே இருப்பவன் நூலை அறுத்துவிட்டு, "என் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது" என்றான்!

இது முதல் கோணல். இரண்டாவது, கடனை அளந்த கோணல்.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நமக்கெல்லாம் நினைவிருக்கும். அன்று மட்டும் தரை பெருக்கியிருக்கும். பானையில் தண்ணீர் இருக்கும். வாத்தியார் கையில் பிரம்பு இருக்காது. அந்த ஒரு நாளை வைத்து அந்தப் பள்ளியை அளந்தால் எப்படி? காரில்லியன் 2016ஆம் ஆண்டின் கடைசி நாளில் காட்டிய நிகரக் கடன் 21 கோடியே 90 லட்சம் பவுன். ஆனால் ஆண்டு முழுவதும் சராசரியாகத் தலைமேல் நின்ற நிகரக் கடன் 58 கோடியே 70 லட்சம்! டிசம்பர் 31ஆம் நாள் மட்டும் கடன் குறைந்து அழகாயிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்த நாளல்லவா!

இன்னொன்றும் உண்டு. இதுதான் நம் நெஞ்சைத் தொடுவது. பெரிய கம்பெனி தன் கையால் கட்டுவது குறைவு. கம்பி வேலைக்கு ஒருவர், மின்சார வேலைக்கு ஒருவர், குழாய்க்கு ஒருவர், பூச்சுக்கு ஒருவர் என்று உள்குத்தகைக்காரர்கள் கட்டுகிறார்கள். காரில்லியனை நம்பிப் பொருளும் உழைப்பும் கொடுத்தவர்கள் சுமார் 30,000 பேர். அவர்களுக்குப் பணம் தர அந்தக் கம்பெனி வைத்த தவணை 120 நாள்! நான்கு மாதம்! காலத்தில் பணம் தருவோம் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்த கம்பெனிதான் இது.

"முன்னதாகப் பணம் வேண்டுமா? பாங்கியிடம் போய் வாங்கிக்கொள், கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்" என்றார்கள். சிறியவன் தன் சொந்தப் பணத்தை வாங்கத் தானே வட்டி கட்டினான்! பாங்கி அவனுக்குக் கொடுத்தது. பிறகு கம்பெனி பாங்கிக்குக் கொடுக்க வேண்டும். பாங்கிக்குக் கொடுக்க வேண்டியதற்குப் பெயர் என்ன? நம் ஊரில் அதற்குக் கடன் என்று பெயர். காரில்லியன் ஏட்டில் அதற்கு "இதர பாக்கிகள்" என்று பெயர்! பெயரை மாற்றியதும் கடன் பார்வையிலிருந்து மறைந்தது.

மூன்றாவது கோணல் வேடிக்கையானது. அந்தக் கம்பெனி வரிசையாக மற்றக் கம்பெனிகளை விலைக்கு வாங்கியது. 2006இல் மௌலம், 2008இல் ஆல்பிரெட் மக்கால்பைன், 2011இல் ஈகா. அவற்றிலிருந்த சொத்தின் மதிப்புக்கு மேல் கொடுத்த விலைக்கு "நற்பெயர் மதிப்பு" என்று பெயரிட்டு, அதையும் சொத்தாக எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு? 157 கோடி பவுன்! கையால் தொட முடியாது. விற்றுக் கூலி கொடுக்க முடியாது. ஆனால் ஐந்தொகையிலே கம்பீரமாக நிற்கிறது. அந்த ஒரு வரியை அடித்துவிட்டுப் பாருங்கள். கம்பெனியின் சொத்தைவிடக் கம்பெனியின் கடன் பெரிது! அஸ்திவாரம் இருக்க வேண்டிய இடத்திலே அஸ்திவாரத்தின் படம் மாட்டியிருந்தது.

இத்தனையையும் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஆடிட்டர். கே.பி.எம்.ஜி. என்ற உலகப் புகழ் பெற்ற கூட்டம். 19 ஆண்டு தணிக்கை செய்தது. அதற்குப் பெற்ற கட்டணம் மொத்தம் 2 கோடியே 90 லட்சம் பவுன். கம்பெனி மூடியபோது பெட்டியில் மிஞ்சியிருந்ததும் 2 கோடியே 90 லட்சம் பவுன்! தற்செயலாகத்தான் இரண்டு தொகையும் ஒன்றாயிற்று. ஆனால் தற்செயல்கூடச் சில சமயம் தமாஷ் பேசுகிறது. 2023 அக்டோபரில் அந்த நாட்டின் கணக்குக் கண்காணிப்பு அமைப்பு, இந்தத் தணிக்கைக் குறைகளுக்காக அந்தக் கூட்டத்துக்கு 2 கோடியே 10 லட்சம் பவுன் தண்டம் விதித்தது. தண்டம் வந்தது. தொழிலாளியின் வேலை திரும்ப வந்ததா?

ஏடு சிரித்தது, வீடு அழுதது! பிரிட்டனில் 2,700க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். தொழில் பழகிக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் பாதி வழியில் விடப்பட்டனர். அந்த மேஸ்திரியின் பையனைப் போன்றவர்கள். கரணை பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். உள்குத்தகைக்காரர்களுக்கும் சரக்குத் தந்தவர்களுக்கும் மற்றக் குறுகிய காலக் கடன்காரர்களுக்கும் பாக்கி சுமார் 200 கோடி பவுன். ஓய்வூதிய நிதிகளில் 27,000 பேர் இருந்தனர். அந்த நிதிகள் சுமந்த பொறுப்பு சுமார் 260 கோடி. பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் ஏற்றிக் கொடுக்கப் பணமிருந்தது. முப்பதாண்டு உழைத்தவனின் ஓய்வூதிய நிதியில் விழுந்த குழியை மூடப் பணமில்லை! 2017 ஜூன் மாதம் பங்குத் தொகை 5 கோடியே 40 லட்சம் பவுன் கைமாறியது. அடுத்த மாதம்தான் அந்த அபாய அறிவிப்பு.

லிவர்ப்பூல் மருத்துவமனை என்னவாயிற்று? 2017 மார்ச்சில் திறந்திருக்க வேண்டியது. கம்பெனி விழுந்தபின் சோதித்ததில் கட்டடத்தின் உடலிலேயே கோளாறுகள் தெரிந்தன. உத்தரங்களுக்கு இரும்பு கொடுத்து வலுவூட்ட வேண்டி வந்தது. திறந்தது 2022 அக்டோபரில். பர்மிங்காம் பக்கத்து ஸ்மெதிக் நகரில் அதே கம்பெனி தொடங்கிய இன்னொரு மருத்துவமனை 2024 அக்டோபரில்தான் திறந்தது. நோயாளி காத்திருந்தான்! கணக்கேட்டில் அவனுக்கு ஒரு வரியும் இல்லை.

"அளக்கத் தெரியாமல் செய்துவிட்டார்கள் போலும்" என்று யாரேனும் இரக்கப்படலாம். அந்த நாடு அளவுகோலுக்குப் பஞ்சமுள்ள நாடல்ல! காரில்லியன் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே, 1998இல், சர் ஜான் ஈகன் தலைமையில் ஒரு குழு கட்டடத் தொழிலை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ஜாகுவார் கார்க் கம்பெனியை நடத்தியவர் அவர். ஏழு அளவைகளை வகுத்து ஆண்டுதோறும் முன்னேற வேண்டிய அளவையும் குறித்தார்கள்: கட்டும் செலவு நூற்றுக்கு 10 குறைய வேண்டும், கட்டும் காலம் 10 குறைய வேண்டும், சொன்ன நாளில் சொன்ன செலவில் முடிவது 20 கூட வேண்டும், குறைபாடுகள் 20 குறைய வேண்டும், விபத்துகள் 20 குறைய வேண்டும், உற்பத்தித் திறன் 10 கூட வேண்டும், வியாபாரமும் இலாபமும் 10 கூட வேண்டும்.

நல்ல அளவைகள்தாம். இலாபத்தை மட்டும் பார்க்காதே. விபத்தைப் பார், குறையைப் பார், காலத்தைப் பார் என்று சொன்னது பெரிய காரியம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏழிலும் தேடிப் பாருங்கள்: "கொடுக்க வேண்டியவனுக்குக் காலத்தில் கொடுத்தாயா?" என்ற கேள்வி இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் காரில்லியன் தேர் ஓடியது!

இன்னொரு பாடமும் உண்டு. அளவை நல்லதாயிருந்தால் போதாது. அளக்கும் கையும் நல்லதாயிருக்க வேண்டும். விபத்தை எப்படி அளக்கிறார்கள்? வேலை செய்த மொத்த மணியில், பத்து லட்சம் மணிக்கு எத்தனை பேர் வேலைக்கு வர முடியாதபடி அடிபட்டார்கள் என்று. அருமையான அளவு! ஆனால் கால் ஒடிந்தவனை மறுநாள் வண்டியில் ஏற்றி வந்து ஆபீசில் நாற்காலியில் உட்காரவைத்தால், அவன் "வேலைக்கு வந்தவன்" ஆகிவிடுகிறான்! சாரத்திலிருந்து விழுந்தவன் உள்குத்தகைக்காரனுடைய ஆள் என்று ஒதுக்கினால், அவன் விழவே இல்லை! ரத்தம் தரையிலே, சுழியம் தாளிலே!

நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். கட்டடத் தொழிலை அளப்பது எளிதல்ல. மழை பெய்யும், மண் ஏமாற்றும், கட்டச் சொன்னவரே நடுவில் வரைபடத்தை மாற்றுவார். நூற்றுக்கு இரண்டு மூன்று மிஞ்சினாலே பெரிது என்று டெண்டர் போடுகிற தொழில் இது. நட்டம் வருவது குற்றமல்ல. எந்தக் கொத்தனாரும் ஒரு சுவரையாவது கோணலாகக் கட்டாமல் தொழில் கற்றதில்லை. கோணலைக் கண்டபின் பிரித்துக் கட்டாமல், மேலே பூச்சுப் பூசி மறைப்பதுதான் குற்றம்! பூச்சுக்குள் இருக்கும் கோணல் நேராவதில்லை. அடுத்த மாடியின் பாரம் ஏறும்போது இரட்டிப்பாகிறது. பழைய வேலையின் நட்டத்தை மூடப் புது வேலையின் முன்பணம். அதை மூட இன்னொரு வேலை. ஆகவே குறைந்த விலைக்கேனும் வேலை எடு, எடு, எடுத்துக்கொண்டே இரு! அபாய அறிவிப்பு வெளியான ஒரே வாரத்தில், அதிவேக ரயில் பாதை வேலையில் ஒரு பங்கு இந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது என்றால், கொடுத்த கை எதை அளந்தது?

2018 மே மாதம் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் இரண்டு குழுக்கள் கூட்டாக அறிக்கை தந்தன. டைரக்டர்களையும் ஆடிட்டரையும் கண்காணிக்க வேண்டிய அமைப்புகளையும் அது கடுமையாகக் கண்டித்தது. சில திருத்தங்களும் வந்தன. பெரிய கம்பெனிகள் எத்தனை நாளில் பணம் தருகின்றன என்று ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டுமென்ற விதி 2017லேயே வந்திருந்தது. 2019 செப்டம்பர் முதல், பெரிய அரசு வேலைக்கு டெண்டர் போடுகிறவர்கள் 60 நாளுக்குள் பட்டியலுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் உடையவர்களா என்றும் பார்க்கத் தொடங்கினார்கள். விட்டுப்போன எட்டாவது கேள்வி, வீடு எரிந்தபின் வந்து சேர்ந்தது!

தோழர்களே! நாம் ஆடிட்டர்கள் அல்ல. ஆனால் கேள்வி கேட்க யாரும் சன்னது தர வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியின் சாரத்தில் ஏறி நிற்கிறோமோ அந்தக் கம்பெனியைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்போம். இலாபம் என்கிறாயே, அது ரொக்கமாக வந்ததா, மதிப்பாக நிற்கிறதா? கடன் என்கிறாயே, அது கடைசி நாள் கடனா, ஆண்டு முழுவதுமான கடனா? உள்குத்தகைக்காரனுக்கு எத்தனை நாளில் கொடுக்கிறாய்? அடிபட்டவர்களை எண்ணும்போது எல்லோரையும் எண்ணினாயா, உன் சம்பளப் பட்டியலில் உள்ளவனை மட்டும் எண்ணினாயா? கட்டியதில் எவ்வளவைப் பிரித்துக் கட்டினாய். சொன்ன நாளில் எத்தனையை முடித்தாய்?

இவற்றுள் மூன்றாவது கேள்விக்கு ஏடே வேண்டாம். கம்பெனியின் கஷ்டம் பங்குச் சந்தைக்குத் தெரியுமுன் சரக்கு வண்டிக்காரனுக்குத் தெரியும். முப்பது நாள் தவணை அறுபதாகும், அறுபது நூற்றிருபதாகும். மணல் வண்டி வருவது நிற்கும். கூலி சனிக்கிழமையிலிருந்து திங்களுக்குத் தள்ளும். அதுதான் குண்டு ஆடுகிற நேரம்! அதைப் பார்க்கிற இடத்திலே நிற்பவர்கள் டைரக்டர்கள் அல்ல, நாம்!

அந்த மேஸ்திரி பிரித்தது இரண்டே வரிசைச் செங்கல். அரைநாள் வேலை வீண். பையன் முகம் வாடியது. ஆனால் அந்தச் சுவர் நிற்கும். காரில்லியன் மேஜையிலே அவ்வளவு பெரியவர்கள் அமர்ந்திருந்தார்களே, அவர்களில் ஒருவர் 2016 நவம்பரில் எழுந்து, "குண்டு சொல்வதைக் கேட்போம், இரண்டு வரிசை பிரிப்போம்" என்றிருந்தால்!

சொல்லவில்லை. சுவர் விழுந்தது. அடியில் நின்றவர்கள் உழைத்தவர்கள்!